வைனோரா வீட்டு அந்நியர்கள்

கௌனாஸ்,
மார்ச் 4, 2012

அன்புள்ள அண்ணா,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து இப்படித்தான். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போனாலும் பிறகு வந்து மீதியைப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். நம் வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். நம் வீடு என்று இனிமேல் சொல்லக்கூடாது. வாசலில் பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'கட்டடக் கலைஞர் யோகூபாஸ் வைனோராவின் இல்லம்.' நான் அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தை வேறொன்றோடு சேர்த்தபோது என் வேலை போனது. வரலாற்று ஆசிரியைக்கு இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

வேலை கஷ்டமில்லை. வருகிறவர்கள் காலணிக்கு மேலே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு, தரையைத் துடைத்தபடியே என் பின்னால் வழுக்கிக்கொண்டு வருவார்கள். வரவேற்பறை, உணவறை, சமையலறை, பிறகு படிக்கட்டு. கடைசியாக மேல்மாடியில் வைனோரா வரைபடம் போட்ட அறை. நாம் நாலு பேரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்ட அதே அறை.

காப்பாட்சியர் அர்வீதாஸ் நல்ல மனிதர்தான். நான் அங்கே வளர்ந்தவள் என்று தெரிந்துதான் எடுத்துக்கொண்டார். எந்தச் சுவர் பிறகு எழுப்பியது, எந்தக் கதவு வைனோரா வைத்தது என்று என்னிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆனால் முதல் நாளே சொல்லிவிட்டார்: "விலியா, ஒங்க கதைய உள்ள கொண்டு வராதீங்க. ஜனங்க டிக்கெட் வாங்குறது வைனோராவப் பாக்க."

நான் சொல்ல வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நம்மைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது: '1944-இல் சோவியத் படை நெருங்கியபோது வைனோரா குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார், அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு அந்நியர் கையில் இருந்து பெரும் சேதமடைந்தது.'

அதை நானேதான் சொல்கிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது கேட்பதற்கு முன் என்னிடமிருந்து கேட்டுக்கொள்.

தங்கை,
விலியா

கார்க், அயர்லாந்து
மார்ச் 19

மதிப்பிற்குரிய வழிகாட்டி அம்மையாருக்கு,

படித்தேன்.

அந்நியர் என்றால் யார்? ரயில் பட்டறையிலிருந்து கரி அப்பிய முகத்தோடு மாடியேறி வருவாரே, அப்பாவா? தையல் ஆலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து உருளைக்கிழங்கு உரித்தாளே, அம்மாவா? நான் நடக்கப் பழகியது அந்தத் தரையில். நீ விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது அந்தப் படிக்கட்டில். வைனோரா அங்கே பத்து வருடம் இருந்தார். அம்மா ஏறக்குறைய ஐம்பது வருடம் இருந்தாள். வரலாற்று ஆசிரியைக்குக் கழித்தல் கணக்குத் தெரியுமா?

முதலில் அம்மாவை அந்த வீட்டிலிருந்து கிளப்பினாய். இப்போது அவள் அங்கே இருந்ததே தப்பு என்று டிக்கெட் போட்டுச் சொல்கிறாய். நல்ல வேலை. வாழ்க.

இங்கே மழை. பஸ் பட்டறையில் வேலை நிறைய. நம் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? தெரிந்துகொள்ள ஆசையெல்லாம் இல்லை. சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
அந்நியன் ரிமாந்தாஸ்

கௌனாஸ்,
ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

கட்டில் கிடந்த இடத்தில் ஒரு சாய்வு மேசை இருக்கிறது. வைனோராவுடையது அல்ல, ரீகாவில் யாரோ ஒரு பொறியாளர் வீட்டிலிருந்து வாங்கியது. 'இது வைனோராவின் மேசை' என்று என்னால் சொல்ல முடியவில்லை. 'அந்தக் காலத்து மேசை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். நம் அடுப்பு நின்ற மூலையில் ஒரு பூச்சாடி. சுவரெல்லாம் வெளிர்மஞ்சள். அதுதான் முதலில் அடித்த நிறமாம், நம் பச்சைச் சாயத்தைச் சுரண்டிக் கண்டுபிடித்தார்கள். சுரண்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா அடித்த பச்சை.

அம்மா விஷயம். ஆமாம், நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன், என்றைக்கும் மறுத்ததில்லை. நீ 1999-இல் அயர்லாந்துக்குப் போன பிறகு அந்த வீடு எப்படி ஆனது என்று உனக்குத் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய், அவள் "எல்லாம் நல்லாருக்குடா" என்பாள். உன்னிடம் வேறென்ன சொல்வாள்? ஐந்து குடும்பத்தில் மூன்று காலி செய்துவிட்டன. கூரை ஒழுகியது. நம் அறையில் மூன்று வாளி வைத்திருந்தோம். கழிப்பறை கீழே. அம்மாவுக்கு முட்டியில் நீர் கோத்திருந்தது. நகராட்சி ஷிலைனியாய் அடுக்குமாடியில் ஒரு வீடு தந்தது. ஒன்பதாவது மாடி என்றாலும் லிஃப்ட் உண்டு. வாங்கிக்கொள் என்றேன். வேண்டாம் என்றாள். ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லித்தான் ஒப்புக்கொண்டாள்.

இன்னொரு செய்தி. வைனோராவின் மகள் சிகாகோவிலிருந்து வருகிறார். பெயர் லைமுதே. ஒன்பது வயதில் போனவர் இப்போதுதான் திரும்ப வருகிறார். அப்பாவின் வரைபடங்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போகிறாராம். அர்வீதாஸுக்குத் தூக்கமே இல்லை. பித்தளைப் பிடிகளையெல்லாம் எங்களைத் தினமும் தேய்க்கச் சொல்கிறார். அந்த அம்மாவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டப்போவது நான்.

அந்த வரியை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். ஏனென்று தெரியவில்லை.

விலியா

கார்க்,
ஏப்ரல் 30

விலியா,

மூன்று வாளி. கூரையைச் சரிசெய்யச் சொல்லி நகராட்சியில் சண்டை போட்டிருக்கலாம். வாளிக்காக யாராவது வீட்டை விடுவார்களா?

அம்மாவுக்கு அந்தத் தெருவில் எல்லோரையும் தெரியும். ரொட்டிக் கடைக்காரிக்கு அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன வேண்டுமென்று தெரியும். அவளைக் கொண்டுபோய் வானத்தில் ஒரு கான்கிரீட் பெட்டிக்குள் வைத்தாய். இரண்டாவது குளிர்காலத்தைக்கூட அவள் தாண்டவில்லை. துக்கத்தில் செத்தாள். இதை நான் உன்னிடம் நேரில் சொல்லவில்லை, அடக்கத்தன்று கூட்டம் இருந்தது. இப்போது சொல்கிறேன்.

சிகாகோ அம்மாவுக்கு என் வணக்கம் சொல். சேதப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்.

ரிமாந்தாஸ்

கௌனாஸ்,
மே 11

ரிமாந்தாஸ்,

அம்மா துக்கத்தில் சாகவில்லை. இதயம் நின்று செத்தாள். டாக்டர் சொன்னதை உன்னிடம் அன்றைக்கே சொன்னேன். நீ கேட்கிற நிலையில் இல்லை.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். புது வீட்டுக்குப் போன முதல் வாரம் நான் பீட்ரூட் சூப் எடுத்துக்கொண்டு போனேன். மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. பயந்துபோய் என்னிடமிருந்த சாவியால் திறந்து ஓடினேன். குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம், பாட்டுச் சத்தம்.

"அம்மா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. குளிக்கிறேன்."

"எவ்ளோ நேரமா?"

"யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் வந்து கதவத் தட்டல பாரு!"

தினமும் அப்படித்தான். பழைய வீட்டில் ஐந்து குடும்பத்துக்கு ஒரு குளியலறை, நமக்குச் சனிக்கிழமை, அதிலும் கீழ்வீட்டு கௌரிலியேனே கதவை உடைக்கிற மாதிரித் தட்டுவாள். அம்மா வாழ்நாளில் முதல்முறையாக வெந்நீரில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பழைய தெருவையும் நினைத்துக்கொள்வாள், இல்லையென்று சொல்லவில்லை. சன்னலில் நின்று நம் பழைய வீடு இருக்கும் குன்று எந்தப் பக்கம் என்று தேடுவாள். பிறகு குளிக்கப் போய்விடுவாள். இரண்டும் உண்மை.

உனக்கு வேண்டியிருந்தது அம்மா இல்லை அண்ணா. அந்த அறை. என்றைக்காவது நீ திரும்பி வந்தால் எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருக்க வேண்டும். அதற்குக் காவலாக அம்மா எழுபது வயதில், வீங்கிய முட்டியோடு, பனிக்காலத்தில் கழிப்பறைக்கு மாடிப்படி இறங்கி ஏற வேண்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

விலியா

கௌனாஸ்,
ஜூன் 24

அண்ணா,

பதில் எழுத வேண்டாம் என்றேன், நீயும் எழுதவில்லை. ஆனால் இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

லைமுதே அம்மா போன வெள்ளிக்கிழமை வந்தார். குட்டையான உருவம், வெள்ளைக் கோட்டு, கையில் தடி. நம் மொழியைத்தான் பேசுகிறார், ஆனால் பழைய சினிமாவில் பேசுவதுபோல. நகராட்சி ஆட்கள், பூங்கொத்து, போட்டோக்காரர் என்று கூட்டம். வரைபடங்கள் காரில் ஒரு தோல்பெட்டிக்குள் இருந்தன. சுற்றிப் பார்த்த பிறகு வரவேற்பறையில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அர்வீதாஸ் புது டை கட்டியிருந்தார்.

கீழே எல்லாம் நன்றாகப் போனது. அந்த அம்மா நாற்காலிகளைத் தடியால் மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மேலே போனோம். வளைந்த சன்னலைக் காட்டினேன், மேசையைக் காட்டினேன், பிறகு அந்த வரியைச் சொன்னேன். அந்நியர் என்ற சொல்லில் தடுக்கி, அதைத் திரும்பச் சொன்னேன்.

லைமுதே திரும்பிப் பார்த்தார். "யாரு அந்த அந்நியர்?"

அர்வீதாஸ் முந்திக்கொண்டார். "அஞ்சு குடும்பம், அம்மா. சோவியத் அரசாங்கம் கொண்டுவந்து வெச்சுது."

"நான் இவங்களக் கேட்டேன்."

"நாங்கதான்" என்றேன். "இந்த ரூம்ல எங்க குடும்பம் இருந்துச்சு. நான் பொறந்தப்ப எங்க அம்மா என்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து இங்கதான் தூக்கிட்டு வந்தாங்க."

போட்டோக்காரர்கூடக் கையை இறக்கிவிட்டார். அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்பார் என்றும் நினைக்கவில்லை.

"எங்க பியானோ எங்க?"

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே இல்லைங்க. போர் முடிஞ்ச குளிர்காலத்துல யாரோ வெறகாக்கிட்டாங்கன்னு சொல்வாங்க."

"எங்க அம்மாவோட கட்டில்?"

"அது இருந்துச்சு."

"அதுல யாரு படுத்தா?"

"எங்க அம்மா."

அவர் தலையை ஆட்டினார். தடியை ஊன்றிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், படியிறங்கி நேராகக் காருக்குப் போய்விட்டார். தோல்பெட்டி காரிலேயே போனது.

சாயங்காலம் அர்வீதாஸ் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒரே ஒரு நாள், விலியா. ஒரு நாள் ஒங்களால பேசாம இருக்க முடியலையா?" என்றார். இனிமேல் நான் சுற்றிக் காட்டப் போக வேண்டாமாம். வாசலில் கோட்டு வாங்கி மாட்டி, கம்பளிச் செருப்பு எடுத்துக் கொடுக்கிறேன். உள்ளே வேறொருத்தி அந்த வரியைத் தடங்கலில்லாமல் சொல்கிறாள். எனக்கு வாசல்வரை கேட்கிறது.

விலியா

கார்க்,
ஜூலை 2

விலியா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். பட்டறையில் இடைவேளை, கையில் கிரீஸ். காகிதத்தில் இருப்பது அதுதான்.

ஒரு நாள் பேசாமல் இருக்க முடியவில்லையா என்று கேட்டானா அந்த டைக்காரன்? உன்னோடு ஒரே அறையில் இருந்தவன் நான், என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. தூக்கத்தில்கூட நீ வாயை மூடியதில்லை.

செருப்பு எடுத்துக் கொடுக்கிறாய் என்று படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் ஒரு பஸ்ஸின் டயரை உதைத்தேன். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

பியானோ விஷயம் எனக்குத் தெரியும். கௌரிலியேனேயின் புருஷன் கௌரிலாதான். அப்பாவோடு குடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவரே சொன்னதைக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு கேட்டேன். "ரெண்டு வாரம் கதகதப்பா இருந்தோம்டா. கம்பியெல்லாம் அடுப்புக்குள்ள டங் டங்னு பாடிக்கிட்டே எரிஞ்சுது" என்றார். அப்போது அவருக்குக் கைக்குழந்தை இருந்ததாம். அந்த சிகாகோ அம்மாவிடம் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல்.

நீ 'நாங்கதான்' என்று சொன்னாயே. அதில் என்னையும் சேர்த்துத்தானே சொன்னாய்?

உன் முந்திய கடிதத்துக்குப் பதில் இல்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரிமாந்தாஸ்

கௌனாஸ்,
ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணா,

உன்னையும் சேர்த்துத்தான். வேறெப்படிச் சொல்வேன்?

லைமுதே அம்மா திரும்பி வந்தார். பலாங்கா கடற்கரையில் யாரோ உறவுக்காரர் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு, ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் தனியாக வந்தார். நான் வாசலில் இருந்தேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். செருப்பை நீட்டினேன்.

"இந்தக் கர்மத்த மாட்டிக்கணுமா? எங்க அப்பா ஷூவோடதான் நடப்பாரு."

"தரை கெட்டுப்போயிடும்மா."

"ஏற்கனவே நீங்கல்லாம் கெடுத்தாச்சே" என்றார். சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "அன்னிக்கு நீ காட்டுனது எங்க வீடு. அது எனக்கே தெரியும். இன்னிக்கு ஒங்க வீட்டக் காட்டு" என்றார்.

அர்வீதாஸ் அறைக்கதவு திறந்திருந்தது. அவர் எழுந்து வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கோட்டு மாட்டும் இடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு மீதி நேரம் அவர்தான் செருப்பு எடுத்துக் கொடுத்தார்.

சமையலறையிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு குடும்பத்தின் அடுப்பும் எங்கே நின்றது, மேலே ஐந்து விளக்கு எப்படித் தொங்கியது என்று சொன்னேன். அவரவர் விளக்குக்கு அவரவர் அறையில் சுவிட்சு. அடுத்தவர் வெளிச்சத்தில் யாரும் வெங்காயம் நறுக்கக்கூடாது என்று சண்டை. அவர் அதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கௌரிலியேனே போலவே பேசிக் காட்டச் சொன்னார். காட்டினேன்: "யாருடி அது, என் வெளக்குல கருவாடு வறுக்குறவ?"

படிக்கட்டின் வட்டச் சன்னல் உனக்கு நினைவிருக்கிறதா? வைனோராவின் பெருமை அது. எல்லாப் புத்தகத்திலும் அதன் படம் இருக்கிறது. அங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்று நாங்கள் பாலாடைக்கட்டி வைப்போம் என்று பயந்து பயந்து சொன்னேன்.

"எங்க அம்மாவும் அங்கதான் வெப்பா" என்றார். "அப்பா வந்து பாத்துட்டுக் கத்துவாரு. நான் கட்டுனது சன்னலா, இல்ல மாட்டுக்கொட்டாயான்னு."

மேலே போனோம். நம் நாலு பேரும் யார் எங்கே படுத்தோம் என்று தரையில் நின்று நின்று காட்டினேன். அவர் ரீகா மேசைமேல் உட்கார்ந்துகொண்டார். உட்காரக்கூடாது. விட்டுவிட்டேன். நீ சொன்ன பியானோக் கதையைச் சொன்னேன், குழந்தையையும் சேர்த்து.

"அந்தக் கொழந்த பொழச்சுதா?"

"பொழச்சுது. பல்டாக்டர் ஆயிட்டாரு. எனக்கே ஒரு பல்லு புடுங்கியிருக்காரு."

"அப்படியும் நான் மன்னிக்கமாட்டேன்" என்றார். "கொழந்தைக்குச் சந்தோஷம். பியானோவுக்கு மன்னிப்பு இல்ல. ரெண்டயும் கலக்காத."

கலக்கவில்லை என்றேன்.

அதன்பின் அவர் சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது. "நாங்க சாப்பாட்டு மேசையில தட்டு வெச்சது வெச்சபடி கெளம்புனோம். அறுபத்தெட்டு வருஷமா எனக்கு இந்த வீடுன்னா அந்தத் தட்டுதான். யாரும் இல்லாத வீடு. அன்னிக்கு நீ நாங்கதான்னு சொன்னதும், எனக்குக் கோவம் வந்துச்சு. என்னமோ சாவு வீடுன்னு நெனச்சு வந்தா, உள்ள ஜனங்க சிரிச்சுக்கிட்டு இருக்கற மாதிரி. ராத்திரியெல்லாம் கோவம். காலையில பாத்தா, கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. அதான் பலாங்காவுக்கு ஓடிட்டேன்."

போகும்போது அர்வீதாஸிடம் நின்றார். தோல்பெட்டியை டாக்சியிலிருந்து கொண்டுவரச் சொன்னார். "எங்க அப்பா வரைஞ்சது நாப்பத்துநாலுல நின்னுபோச்சு. வீடு நிக்கல. அத எப்படிச் சொல்றதுன்னு நீங்க படிச்சவரு, யோசிங்க" என்றார். நிபந்தனை எதுவும் போடவில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அர்வீதாஸ் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் வாசலில்தான் இருக்கிறேன்.

விலியா

கார்க்,
செப்டம்பர் 2

விலியா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கௌரிலியேனே வருகிற இடத்தைப் பட்டறையில் ஓர் ஐரிஷ்காரனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பாவம்.

அக்டோபர் கடைசியில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றி எத்தனை வருடமாகிறது. தங்குவதற்கு ஓட்டல் பார்க்கட்டுமா, இல்லை நீ இப்போது இருக்கும் அம்மாவின் அந்த ஷிலைனியாய் வீட்டிலேயே தங்கட்டுமா? அங்கே இடமிருந்தால் அங்கே.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா குளித்துக்கொண்டே பாடினாள் என்று எழுதியிருந்தாயே. என்ன பாட்டு? அந்த அறையில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

ரிமாந்தாஸ்

கௌனாஸ்,
செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணா,

ஓட்டலா? உதை வாங்குவாய். அம்மாவின் அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன்.

என்ன பாட்டு என்று எனக்கும் தெரியாது. தையல் ஆலையில் பெண்கள் சேர்ந்து பாடும் ஏதோ ஒன்று. அவளுக்கே பாதி வரி தெரியாது, தெரியாத இடத்தில் 'லா லா' போட்டுக்கொள்வாள். நீ வந்தால் மெட்டைப் பாடிக் காட்டுகிறேன். மெல்லிய சுவரை வைத்துக்கொண்டு, நாலு பேர் தூங்குகிற அறையில் எங்கே பாடுவாள்?

அர்வீதாஸ் கடைசியில் யோசித்து முடித்தார். ஒரு நாள் காலையில் வந்து, "ஒங்க அஞ்சு குடும்பத்துப் பேரும் சொல்லுங்க, சரியா உச்சரிக்கணும்" என்றார். பழைய வரி போய்விட்டது. இப்போது 'அதன்பின் இந்த வீட்டில் ஐந்து குடும்பங்கள் வாழ்ந்தன' என்று தொடங்கி ஐந்து பெயர்களும் வருகின்றன. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது, சுவரும் மஞ்சள்தான். இவ்வளவுதான் அவரால் முடிந்தது. எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. திங்கள் தவிர எல்லா நாளும் நான்தான் சுற்றிக் காட்டுகிறேன்.

கனமான கோட்டு எடுத்து வா. இங்கே இப்போதே குளிர்.

விலியா

கார்க்,
நவம்பர் 14

அன்புள்ள விலியா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கருப்பு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் விமான நிலையத்தில் பிழைத்துவிட்டன.

நீ பக்கத்திலேயே இருந்து பார்த்ததை நான் எழுதத் தேவையில்லை. ஆனால் நீ பார்க்காதது ஒன்று உண்டு. உன் பின்னால் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக மாடியேறியபோது, எனக்குக் கோபம் தயாராக இருந்தது. பத்து வருடமாகச் சேர்த்து வைத்தது. வாசற்படியைத் தாண்டியதும் அதைக் கொட்டிவிடலாம் என்று வந்தேன். உள்ளே வந்து நின்றால், விலியா, அந்த அறை அவ்வளவு சின்னது! இதிலா நாம் நாலு பேரும் இருந்தோம்? இதையா நான் அத்தனை வருடம் தூக்கிக்கொண்டு திரிந்தேன்? அம்மா எந்த மூலையில் உடை மாற்றியிருப்பாள் என்று பார்த்தேன். மூலையே இல்லை. நீ மே மாதம் எழுதிய கடிதத்துக்கு என் பதில் அப்போதுதான் கிடைத்தது. நீ எழுதியது சரி.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடி போட்ட அந்தப் பெண்மணி உன்னிடம் கேட்டார்: "இந்த மஜெய்க்கா குடும்பம்னு சொன்னீங்களே, அவங்க இப்ப யாராவது இருக்காங்களா?"

நீ கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டிக்கொடுத்தாய். "இருக்காங்களே. இதோ நிக்கறாரே, எங்க அண்ணன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஒருவர் போனை எடுத்துப் படம்கூட எடுத்தார். "ஐயா, இங்க எப்படி இருந்துச்சு?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். சொல்வதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். அநியாயம், அவமானம் எல்லாம். என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "சத்தமா இருந்துச்சு."

அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு நான் வாயை மூடவில்லை என்று அர்வீதாஸ் உன்னிடம் குறைபட்டுக்கொண்டாராமே. அவரே கடைசிவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார், நான் பார்த்தேன்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான ஐரிஷ்காரர். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். அழகான வீடா என்று கேட்டார். வளைந்த சன்னலைப் பற்றிச் சொன்னேன், படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். மனிதர் ஆர்வமாகிவிட்டார். அந்தப் பக்கம் வந்தால் பார்க்கலாமா என்றார்.

தாராளமாகப் பார்க்கலாம், திங்கட்கிழமை மட்டும் விடுமுறை என்றேன்.

அண்ணன்,
ரிமாந்தாஸ்